நெல்வயலின் மாற்றக் காலம்

ரசாயன உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் பழகிய நெல்வயலை இயற்கை வேளாண்மைக்குக் கொண்டுவரும் உழவர், அவற்றை நிறுத்திய அடுத்த அறுவடையிலேயே அங்ககச் சான்று பெற்றுவிட முடியாது. இந்திய அரசு 2001-இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி, பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டுகளும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அங்கக அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் கழிய வேண்டும். இந்த இடைவெளியே மாற்றக் காலம் எனப்படுகிறது.

மண்ணின் கணக்கைப் பார்த்தால் இந்த இடைவெளியின் தேவை விளங்கும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து, அதாவது இலையையும் தூரையும் வளர்க்கும் நைட்ரஜன், இருக்கிறது. அது நீரில் கரைந்து சில நாட்களிலேயே பயிருக்குக் கிடைத்துவிடுகிறது. தொழுவுரத்திலோ தழைச்சத்து எடையில் அரை விழுக்காட்டளவே என்பதால், அதே 21 கிலோவுக்கு 4 டன்னுக்கு மேல் எரு தேவைப்படுகிறது. அதிலும் பெரும்பகுதி கரிமச் சேர்மங்களில் பிணைந்து கிடந்து, நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கப் பல பருவங்களில் சிறிது சிறிதாக விடுபடுகிறது. ஆகவே முதல் பருவத்தில் பயிர் வெளிறி நிற்பதும், ஆண்டுதோறும் எரு இட்டுவரும் வயலில் முந்தைய ஆண்டுகளின் மிச்சமும் சேர்ந்து அக்குறை நீங்கிவருவதும் எதிர்பார்க்கத்தக்கவையே.

இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்வது பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு, சணப்பு ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற வடிவில் சேர்த்துத் தருவதால், இவற்றை நடவுக்கு முன் விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுகின்றனர். முற்றவிட்டால் தண்டு நாராகி, மட்குவதற்கு நாளாகும். கரிமம் மிகுந்த வைக்கோலை அப்படியே சேற்றில் உழுவதிலும் இதுபோன்ற இடர் உண்டு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால், இளம்பயிர் சில வாரங்கள் பட்டினி கிடக்கும். பஞ்சகவ்யத்தைத் தெளித்தாலே போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. ஏக்கருக்குச் சில லிட்டர் என்ற அளவில் தெளிக்கப்படும் ஒரு கரைசல் டன் கணக்கான எருவின் இடத்தை நிரப்ப இயலாது. இலங்கை அரசு 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையை விலக்கிக்கொண்டபோதிலும், அடுத்த பெரும்போகத்தின் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. மாற்றக் காலமே தராமல் ஒரு நாட்டின் வயல்கள் அனைத்தையும் ஒருசேர மாற்ற முயன்றதற்கு உழவர்கள் கொடுத்த விலை அது.

பூச்சிகளின் நிலையும் உடனே சீராவதில்லை. தீங்கு செய்யும் பூச்சிகள் விரைந்து பெருக, அவற்றை உண்ணும் சிலந்திகளும் பொறிவண்டுகளும் இரை கிடைத்த பின்னரே பெருகுகின்றன. எனினும் அவற்றின் ஆற்றல் பெரிது. இயற்கை எதிரிகளை மருந்து அழித்ததால் புகையான் பூச்சி இந்தோனேசியாவில் பேரளவில் பெருகியதை அடுத்து, 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. வரப்பில் தட்டைப்பயறு விதைத்தால் சிலந்தி, பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் உயிரிகளுக்குப் புகலிடம் கிடைக்கிறது.

வயலுக்கு வயல் நீர் பாயும் காவிரிப் படுகை போன்ற இடங்களில், பக்கத்து நிலத்தின் உரமும் மருந்தும் நீரோடு வந்து சேரும் என்பதால், வரப்பை உயர்த்துவதும், இயன்றால் வாய்க்காலிலிருந்து தனி மடை அமைத்துக்கொள்வதும் மாற்றத்தின் முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டிய பணிகள்.