காப்பகத்து நாய்: எடுக்கும்போதும் இழக்கும்போதும் எழும் சந்தேகங்கள்

வானூர் வட்டத்தில் ஆரோவில் பக்கம் நாய்க் காப்பகம் இயங்குகிறது. அங்கோ வேறெங்கோ நாயைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கும், எடுத்து வளர்த்துப் பறிகொடுத்தவர்களுக்கும் வரும் சந்தேகங்கள் சில.

வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டுமா?

ஒட்டும். முதல் சில நாள் கட்டிலுக்கடியில் பதுங்கும், சோற்றைத் தொடாது. பயம்தான் காரணம், விரட்டாமல் விட்டால் தானாக வரும். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் போட்ட தேதியும் கருத்தடை விவரமும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. அவிழ்த்துவிடலாமா?

வெயில் நேரத்தில் வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு விளையும் பாத்தியிலோ அதைப்போல ஏழு மடங்குக்கு மேல். தாகத்தில் அதைக் குடித்தால் வாந்தி, பேதி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். வாசலில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

இறந்த நாயை எங்கே புதைப்பது?

கிணறு, குழாய்க்கிணற்றிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில். உப்பளத்தை ஒட்டிய தாழ்வான இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மூன்று, நான்கு அடி ஆழமாவது வேண்டும்; இல்லையென்றால் வேறு நாய்கள் கிளறிவிடும்.

எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், நடத்தை மாறி இறந்திருந்தால் ரேபிஸாக இருக்கலாம்; வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அது கடித்திருந்தாலோ, காயத்தில் எச்சில் பட்டிருந்தாலோ, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வளர்த்த பாசத்தில் இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

நாய்க்காக இப்படி அழுவதா என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள்.

அவர்களுக்கு எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் உண்டு. கள்வரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தும் உண்டு. நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். இரண்டு நாள் சோறு இறங்காமல் இருப்பதில் என்ன அதிசயம்?

காப்பகத்து நாயை வளர்த்தவர்களுக்கு இன்னொரு வேதனையும் சேரும். அதன் வயதோ பழைய நோயோ சரியாகத் தெரியாமல் எடுத்திருப்பார்கள். சீக்கிரம் போய்விட்டால் ‘நாம் கவனிக்கவில்லையோ’ என்று குமைவார்கள். உண்ணிக் காய்ச்சல் போன்றவை உள்ளுக்குள் முற்றும்வரை வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். சந்தேகம் உறுத்தினால் மருத்துவரிடமே நேரில் கேட்டுவிடுவது, மனதுக்குள் வழக்கு நடத்துவதைவிட நல்லது. ஆனால், பல வாரம் கழிந்தும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தையிடம் ‘ஓடிப்போச்சு’ என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். தெருவைப் பார்த்துக் காத்திருக்கும். செத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

அடுத்த நாயை எப்போது எடுப்பது?

மனசுக்குக் கணக்கில்லை, நோய்க்கு உண்டு. பார்வோவில் இறந்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரைகூடத் தங்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த முற்றத்தில் விடக் கூடாது. பழைய படுக்கையை எரித்துவிட்டு, தட்டையும் தரையையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். பொறுக்க முடியாதென்றால், ஊசிகள் எல்லாம் முடிந்த வளர்ந்த நாயாகக் கேளுங்கள்.