வாடகை வீட்டில் சொந்த வாழ்க்கை

“எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?” அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்களின் தீராத கவலை இது. தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சாப்பாடு, மருந்து போக, சின்னாளப்பட்டி போன்ற சிறிய ஊரில்கூட அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்க அது போதாது.

வழி இருக்கிறது.

சென்னை ‘தி பான்யன்’ அமைப்பு 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைத் தொடங்கியது. நெடுங்கால மனநலப் பாதிப்புள்ள நாலைந்து பேர், சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். துணைக்கு உதவியாளர் உண்டு. இன்றைக்குச் சாம்பாரா, ரசமா என்பது அவர்கள் முடிவு. அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் இப்படி வாழலாம்.

வாடகைக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் அரசின் வாடகை உதவி பெறுபவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுகிறார். மீதியை அரசு தருகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழும் உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமை நிறைவேற, வாடகைப் பணத்தையும் நம் அரசு ஒதுக்க வேண்டும்.