கோப்புகளைக் காத்தல்: ஒரு மென்பொருள் வழுவும் அதன் திருத்தமும்



பலரும் சேர்ந்து எழுதவும் திருத்தவும் கூடிய பக்கங்களை இணையத்திலே அமைத்துத் தரும் மென்பொருள்களைக் கூட்டுப்பணி மென்பொருள்கள் என்பர். இவற்றுட் புகழ்பெற்ற ஒன்று நாம் வாழும் சிட்னி நகரிலே பிறந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திற் பயின்ற மைக் கனன்-புரூக்ஸ், ஸ்கொட் ஃபார்குவார் என்னும் நண்பர் இருவர் 2002ஆம் ஆண்டில் அட்லாசியன் நிறுவனத்தைத் தொடங்கினர். 2004இல் அவர்கள் வெளியிட்டதே கொன்ஃபுளூவன்ஸ். 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அம்மென்பொருளிற் பாரதூரமான வழுவொன்று இருப்பதாக அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வழுவின் தன்மையை அறிந்துகொள்வது கணினி பயிலும் நம் மாணவர்க்குப் பெரிதும் பயன்தரும்.

கணினியிலே கோப்புகள் உறைகளுக்குள்ளும், அவ்வுறைகள் வேறு உறைகளுக்குள்ளும் வைக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்பைப் பெற அதன் பாதையைக் கூறவேண்டும். அப்பாதையில் இரண்டு புள்ளிகளை அடுத்தடுத்து இட்டுச் சாய்கோடு ஒன்று போட்டால், "இவ்வுறையை விட்டு வெளியேறி மேலுள்ள உறைக்குச் செல்" என்பது பொருள். வழுவின் வேர் இச்சிறு குறியிலேதான் உள்ளது.

ஒரு நூலகத்தைக் கற்பனை செய்யுங்கள். "படங்கள் அறையிலிருந்து மட்டுமே எடுத்துக் கொடு" என்று பணியாளருக்குக் கட்டளை. ஒருவர் சீட்டிலே, "படங்கள் அறை, அங்கிருந்து வெளியேறி, அதிபரின் அறையிலுள்ள சாவிக்கொத்து" என்று எழுதிக் கொடுக்கிறார். பணியாளர் முதற் சொற்களை மட்டும் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து தருகிறார்!

கொன்ஃபுளூவன்ஸில் ஒரு பக்கத்தை ஆவணமாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அவ்வேளையில் பக்கத்திற் சேர்க்கவேண்டியவற்றைச் சேவையகக் கணினியே தேடியெடுத்து ஆவணத்தினுள் வைக்கும். பக்கத்தைத் திருத்தும் உரிமையுள்ள ஒருவர் தந்திரமான பாதையை அங்கே எழுதிவிட்டால், மென்பொருளின் அமைப்புக் கோப்புகள் வைக்கப்பட்டுள்ள உறையிலிருந்து அவர் விரும்பியதைப் படிக்க முடிந்தது. சில நிறுவனங்கள் தம் பயனாளர் பதிவேட்டைத் திறக்கும் கடவுச்சொல்லையே அவ்வுறையில் எழுதி வைத்திருக்கக்கூடும். திருத்தும் உரிமை வேண்டுமே, அது பாதுகாப்பல்லவா என்று கேட்பீர்கள். கூட்டுப்பணி மென்பொருளில் அவ்வுரிமை ஏறக்குறைய எல்லோருக்கும் வழங்கப்படுவதன்றோ!

இத்தகைய வழுவைத் திருத்துவது எப்படி? பாதையிலுள்ள இரு புள்ளிகளையும் சாய்கோட்டையும் அழித்துவிட்டாற் போதும் என்றே புதிதாக நிரல் எழுதுவோர் எண்ணுவர். மாணவர்களே, ஒரு தாளை எடுங்கள். நான்கு புள்ளிகளையும் அவற்றையடுத்து இரண்டு சாய்கோடுகளையும் எழுதுங்கள். நடுவிலுள்ள இரு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் அழியுங்கள். எஞ்சியிருப்பது எது? அழிக்க விரும்பிய அதே குறி! புள்ளியைக் குறியீட்டு எண்ணாக மாற்றி எழுதி ஏமாற்றும் வழியும் உண்டு. ஆகவே சரியான முறை வேறு: குறியீடுகளையெல்லாம் விரித்து, பாதை முடிவில் எங்கே சென்று சேர்கிறது என்பதை முதலிற் கணித்தல் வேண்டும்; சேருமிடம் அனுமதிக்கப்பட்ட உறைக்குள் இருந்தால் மட்டுமே கோப்பைத் திறத்தல் வேண்டும். சீட்டின் தொடக்கத்தை அல்ல, பணியாளர் இறுதியில் நிற்கப்போகும் அறையைப் பார்க்கவேண்டும் என்பதே இதன் கருத்து.

வழு 6.1.0 பதிப்பிலிருந்தே இருந்தது. 6.6.16, 6.13.7, 6.15.8 ஆகிய பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. பழைய வரிசைகளிலேயே நிலைத்திருக்கும் நிறுவனங்கள் இருந்தமையால், ஒரே திருத்தத்தை மூன்று வரிசைகளுக்கும் தனித்தனியே வழங்கவேண்டியிருந்தது.

ஆயினும் புதிய பதிப்பை நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. பலரும் தவறுவது இவ்விடத்திலேதான். திருத்தம் கதவை மூடுமேயன்றி, முன்னரே படித்துச் சென்றவரின் கையிலிருந்து கடவுச்சொல்லை மீட்டுத் தராது. எனவே அவ்வுறையிலிருந்த கடவுச்சொற்கள் யாவற்றையும் மாற்றுதல் வேண்டும். சேவையகத்தின் பதிவுக் குறிப்புகளில் விந்தையான பாதைகள் கேட்கப்பட்டுள்ளனவா என்றும் தேடுதல் வேண்டும்.

சிறு நிறுவனங்களிற் கணினிப் பொறுப்பை ஏற்றிருக்கும் பெற்றோர்க்கு ஒரு செய்தி: நிறுவனங்கள் தம் கணினியிலேயே இயக்கிவந்த கொன்ஃபுளூவன்ஸ் சேவையகப் பதிப்பிற்கான ஆதரவு 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதியுடன் முடிவுற்றது. எங்கேனும் ஒரு மூலையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இனிக் கண்டுபிடிக்கப்படும் வழுக்களுக்கு அதற்குத் திருத்தம் வாராது.