ஒரு பொத்தானும் அதன் வீடும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், கடலை ஒட்டியுள்ளது பொழியூர். அதற்கடுத்த நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மலையாளத்தில் ‘குடுக்கு’ என வழங்குவதைத் தமிழில் ‘பொத்தான்’ என்கிறோம். சாவி, மேசை, அலமாரி முதலியவற்றைப் போலவே இச்சொல்லும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. பொத்தான் நுழையும் துளையைத் தையற்காரர்கள் ‘காஜா’ என்பர். போர்த்துக்கீசிய மொழியில் அத்துளைக்குக் ‘காசா’, அதாவது வீடு, என்று பெயர். அதுவே இந்துஸ்தானியின் ‘காஜ்’ வழியாக நம்மிடம் வந்தது என்பர். வீட்டுக் கடன் வழங்குவோருக்கு இச்செய்தி சற்றுக் கூடுதலாகவே இனிக்கும்.

தைத்த மேலாடை இப்பகுதியில் எளிதில் கிடைத்த பொருள் அன்று. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைப்பதற்கே தடை இருந்தது. கர்னல் மன்றோ திவானாகவும் இருந்த காலத்தில் (1811–1814), கிறித்தவம் தழுவிய பெண்கள் ‘குப்பாயம்’ என்னும் தைத்த சட்டையை அணிய இசைவு கிடைத்தது. 1829ஆம் ஆண்டு அரச அறிவிப்பு தோள்சீலையை மறுத்து, குப்பாயத்தை மட்டும் ஏற்றது. கலகங்கள் தொடர்ந்தன. 1859 ஜூலை 26 அன்று வெளியான அறிவிப்பே எல்லாச் சமயங்களையும் சேர்ந்த நாடார் பெண்கள் மார்பை மறைக்க வழிவிட்டது. அப்போதும் ‘மேல்சாதிப் பெண்களைப் போல அன்று’ என்ற நிபந்தனை நீங்கவில்லை. கடற்கரை மீனவப் பெண்கள் உடுத்தும் முறையே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஒரு சட்டையின் முன்புறத்தை மூடுவதற்கு இம்மண்ணில் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இன்றைய சிக்கல் சிறியது. ஆயத்த ஆடையாக வாங்கிய சட்டை மார்பில் இறுகி, இரண்டு பொத்தான்களுக்கு இடையே வாய் திறந்து நிற்கிறது. பெண்கள் அணியும் சட்டைகளில் இது மிகுதி. பலர் ஊக்கு குத்திக்கொண்டு நாளை ஓட்டுகின்றனர். ஊக்கு துணியைக் கிழிக்கும். அந்த இடைவெளியில் ஒரு பொத்தானையும் ஒரு காஜாவையும் கையாலேயே சேர்ப்பது அரை மணி நேர வேலை. வெளியே தெரிய வேண்டாம் என்பவர் பிரஸ் பட்டன் தைக்கலாம். ஆயினும் இழுவை மிகுந்த இடத்தில் அது அடிக்கடி திறந்துகொள்ளும்.

முதலில் பொத்தான். பெரும்பாலான சட்டைகளில் உட்புறத் தையலோரத்திலோ பட்டியின் அடியிலோ ஓர் உபரிப் பொத்தான் தைத்திருப்பார்கள். பலர் அதைக் கண்டதே இல்லை. கடையில் வாங்கினால் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். பொத்தானின் அளவு ‘லைன்’ கணக்கில் சொல்லப்படும். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்கு வழக்கமான 18 லைன் பொத்தானின் குறுக்களவு சுமார் 11 மில்லிமீட்டர். காஜாவின் நீளம் இந்தக் குறுக்களவோடு பொத்தானின் கனத்தையும் சேர்த்தது. கனம் 3 மில்லிமீட்டர் என்றால் துளை 14 மில்லிமீட்டர். கனத்தைக் கணக்கில் விட்டால் பொத்தான் நுழையாது. தாராளமாக வெட்டினால் நிற்காது.

சட்டையை அணிந்துகொண்டு, வாய் திறக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கவும். ஆண்களின் சட்டையில் காஜாப் பட்டி அணிபவரின் இடப்பக்கமும், பெண்களின் சட்டையில் வலப்பக்கமும் இருக்கும். காலர் காஜா கிடையாக இருக்கும். பட்டியில் உள்ளவை பெரும்பாலும் செங்குத்தானவை. புதியதும் அவற்றின் நேர்கோட்டில்தான் நிற்க வேண்டும்.

இனி ஊசி. துணியின் நிறத்துக்கு ஏற்ற பருத்தி நூலைச் சுமார் 80 சென்டிமீட்டர் எடுத்து, தேன்மெழுகிலோ மெழுகுவத்தியிலோ ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. குறித்த கோட்டைச் சுற்றி, 2 மில்லிமீட்டர் தள்ளி, நெருக்கமான ஓட்டுத்தையல் ஒரு சுற்று போடவும். வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்வதுதான் நுட்பம். பட்டியின் அடுக்குகள் விலகாமலும் இழைகள் பிரியாமலும் இத்தையல் காக்கும். பாலராமபுரம் கைத்தறி போன்ற மென்மையான பருத்தியில் இழை விரைவில் பிரியும் என்பதால் இந்தச் சுற்று அங்கு இன்றியமையாதது. பின்னர்க் கோட்டின் இரு முனைகளிலும் குறுக்காகக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து முனைகளை நோக்கிச் சிறு கத்தரியால் வெட்டவும். கத்தரி தவறினாலும் குண்டூசி தடுத்துவிடும்.

காஜாத் தையலின் உயிர் அதன் முடிச்சில் உள்ளது. ஊசியை வெட்டின் வழியே அடியில் நுழைத்து, ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி மேலே குத்தி எடுக்கவும். ஊசி பாதி வெளிவந்த நிலையில், காதிலிருந்து வரும் நூலை ஊசிமுனையின் அடியில் ஒருமுறை சுற்றவும். ஊசியை இழுத்து, நூலை வெட்டின் பக்கமாக மெல்ல இறுக்கினால், முடிச்சு வெட்டின் விளிம்பில் வந்து அமரும். பொத்தான் உரசுவது அந்த விளிம்பில்தான். முடிச்சு அங்கு இல்லையெனில் அது வெறும் ஓரத்தையல். இவ்வாறு முடிச்சுகள் ஒன்றையொன்று தொடும்படி ஒரு பக்கம் முடித்து, முனையில் குறுக்காக மூன்று இழை போட்டு, அவற்றின் மேலும் தைத்துக் கட்டி, மறுபக்கம் திரும்பவும். மறுமுனைக்கும் அதே கட்டு. முதல் காஜாவைச் சட்டையில் எடுக்காமல், கழித்த துணியை இரண்டாக மடித்து அதில் எடுத்துப் பார்ப்பது நலம்.

காஜா முடிந்தபின் இரு பட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, துளையின் நடுவே பென்சிலைச் செலுத்தினால் பொத்தானின் இடம் தெரியும். பொத்தானைத் துணியோடு ஒட்டத் தைக்கலாகாது. இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவியபின் அடியில் நூலை மூன்று நான்கு முறை சுற்றி முடியவும். அந்தச் சிறு கழுத்தில்தான் மேற்பட்டியின் கனம் அமர்கிறது.

தையற்கடைகளில் தொழில் பழக வருபவருக்கு முதலில் தரப்படும் வேலை காஜா எடுப்பதே. வீட்டிலிருந்தபடி சட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று இதைச் செய்யும் பெண்களும் உண்டு. கூலி சிறிது, ஆனால் கடல் சீறி வள்ளம் இறங்காத ஆனி, ஆடி மாதங்களில் கரையோர வீடுகளுக்கு அச்சிறு தொகையும் பொருட்டே. தையலைத் தொழிலாகவே கொண்டவர்களுக்குப் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் உள்ளது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட இதில் இடம்பெற்ற 18 தொழில்களில் தையலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி நாட்களில் தினமும் 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய்க்கான மின்னணுச் சீட்டு, பிணையில்லாமல் முதலில் ஒரு லட்சம், அதை ஒழுங்காக அடைத்தபின் இரண்டு லட்சம் வரை கடன்; வட்டி 5 விழுக்காடு. 18 வயது நிறைந்தவர், ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் பதியலாம். அரசுப் பணியாளர் குடும்பங்களுக்கு இது பொருந்தாது. பதிவு பொதுச் சேவை மையத்தில் நடைபெறும். ஆதார், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் செல்லவும்.