தராசு நடுங்காதிருக்க மெஷினுக்கு எந்த ரப்பர்?

பலசரக்குக் கடைகளில் கைத்தராசைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. எலக்ட்ரானிக் தராசு, காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின், மசாலா மெஷின், டீப் பிரீசர் எல்லாம் பத்தடிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மெஷின் ஓடினால் தராசில் எண் நிலைகொள்ளாமல் தத்தளிக்கிறது. வாடிக்கையாளர் எண்ணைப் பார்க்கிறார், பிறகு நம் முகத்தைப் பார்க்கிறார். நாம் போடுவது சரியான எடைதான். ஆனால் ஏலக்காயும் முந்திரியும் வாங்குகிறவருக்கு 5 கிராம் சின்ன விஷயமல்ல. சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால் அவரை மறுபடி கடைக்கு வரவழைப்பது கடினம்.

இதற்கு மருந்தாக மில் ஸ்டோர்ஸ் கடைக்குப் போய் நாலு ரப்பர் புஷ் வாங்கிக் காலுக்குச் செருகுகிறோம். சிலர் கடையில் ஆட்டம் குறைகிறது. சிலர் கடையில் முன்னைவிடக் கூடுகிறது! ரப்பர் போட்டும் ஏன் கூடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காசு வீணாகாது.

ரப்பர் அதிர்வை விழுங்கிவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். மெஷினை அதன்மேல் வைத்ததும் கொஞ்சம் அமுங்குகிறது. எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் அமுங்கினால், தட்டிவிட்ட ஊஞ்சல் போல அந்த மெஷின் தன் போக்கில் விநாடிக்கு ஏறக்குறைய 16 முறை ஆடும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 முறை. அரை மில்லிமீட்டர்தான் என்றால் 22 முறை.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். மசாலா மெஷின் மோட்டார் பலவும் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24. ரப்பரின் ஆட்டம் 22, மோட்டாரின் ஆட்டம் 24 என்று இரண்டும் பக்கத்தில் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தகடு மாதிரி கெட்டியான ரப்பர் போட்டவர்களுக்கு நேர்வது இதுதான். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் எட்டில் ஒரு பங்கு மட்டுமே தரைக்கு இறங்கும். ரப்பரில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே அமுங்கவிடலாம்.

பிரீசரின் சாதாரண கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று, விநாடிக்கு 48. வேகம் கூடியதால் அதற்கு 1 மில்லிமீட்டர் அமுங்கினாலே போதும். ஆகவே, எல்லா மெஷினுக்கும் ஒரே புஷ் போடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாங்கப் போகுமுன் மெஷினின் எடை தெரிய வேண்டும். எடை போடுவது நமக்குப் புதிய தொழிலா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்துக் கால்களைப் பிளாட்பாரத் தராசிலும் மறுபக்கத்தை அதே உயரக் கட்டையிலும் வைத்துப் பாருங்கள். பிறகு பக்கத்தை மாற்றிப் பாருங்கள். 80 கிலோ மெஷின் என்றால் காலுக்கு 20 கிலோ என்று வகுத்துவிட முடியாது. மோட்டார் பக்கம் 50, மறுபக்கம் 30 என்று வரலாம். கனமான பக்கத்துக்குப் பெரிய துண்டும், லேசான பக்கத்துக்குச் சின்னத் துண்டும் போட்டால்தான் இரண்டும் ஒரே அளவு அமுங்கும். வரி வரியாகப் பள்ளம் விழுந்த ரப்பர் நல்லது. ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கினால்தான் அமுங்கும். பிதுங்க இடமில்லாத அகலமான தட்டை ரப்பர் கல் மாதிரி நிற்கும். கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் கொஞ்சம் அமுங்கலாம், அவ்வளவுதான். ஆகவே 4 மில்லிமீட்டர் வேண்டுமானால் 30 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் தேவை. ஒன்றில் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டுக்கு நடுவில் இரும்புத் தகடு வைத்து அடுக்கலாம்.

எண்ணெய் சிந்தும் இடத்தில் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். அங்கே நைட்ரைல் அல்லது நியோப்ரீன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, மெக்கானிக் ரப்பரைத் துளைத்துத் தரைக்கு ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்! அதிர்வு போல்ட் வழியாகவே நேராக இறங்கிவிடும். நாலு ரப்பரும் தண்டம். பெல்ட் ஓடும் மெஷினில் மோட்டாரும் மெஷினும் ஒரே பிரேமில் இருக்க, பிரேமுக்கு அடியில்தான் ரப்பர் வர வேண்டும். கல் சுற்றும் மாவு மில்லுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் 23 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அது ஸ்பிரிங்குக்கும் கனத்த அஸ்திவாரத்துக்கும் உரிய வேலை. பேரிங் தேய்ந்த மெஷினுக்கும் ரப்பர் மருந்தாகாது. பிரீசர் திடீரென்று இரைச்சலிட்டால் வெளியே புதுக் கால் வாங்குமுன் கம்ப்ரஸருக்கு அடியில் உள்ள சின்ன புஷ்களைப் பாருங்கள். அவை இறுகிப் போயிருக்கும்.

தராசுக்கே மெத்தென்ற ரப்பர் வைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் இசைத்தட்டுப் பெட்டிக்கு அப்படித்தான் வைக்கிறார்கள், முள் அதிராமல் இருக்க அதுவே சரி. ஆனால் அந்தப் பெட்டியின் எடை மாறுவதில்லை. தராசில் ஒரு நிமிடம் கால் கிலோ, அடுத்த நிமிடம் 25 கிலோ. தட்டில் மூட்டை ஒரு ஓரமாக விழுந்தால் ரப்பர் ஒரு பக்கம் அமுங்கித் தராசு சாயும்; சாய்ந்த தராசு எடையைத் தப்பாகக் காட்டும். தராசுக்குக் கெட்டியான மேஜையும், நடுவில் நிற்கும் நீர்மட்டக் குமிழியும்தான் வேண்டும். மெஷின் இருக்கும் மேஜையில் தராசை வைக்கவே கூடாது.

செலவுக்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். தராசு இருக்கும் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து மெஷின்களை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். எது ஓடும்போது தண்ணீரில் வளையம் எழுகிறதோ அதற்குத்தான் ரப்பர். ரப்பர் போட்டபின் முத்திரையிட்ட 1 கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்து, மெஷினை ஓட்டியும் நிறுத்தியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷின் போட்ட முதல் இரண்டு விநாடி அது குலுங்கத்தான் செய்யும். வேகம் பிடித்தபின் பாருங்கள்.