நோன்பு வந்தால் மாறும் கடிகாரம்

தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அருள்மறையின் அந்நிஸா அத்தியாயம் 103-ஆம் வசனம் உணர்த்துகின்றது. அந்நேரங்களுக்குக் கதிரவனின் போக்கே அளவுகோல். நம் அலுவல்களோ அரசாங்கம் வகுத்த கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. இவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தைக் காண விரும்புவோர் மொராக்கோ நாட்டை நோக்கலாம்.

கிரீன்விச் நேரத்திற்கு ஒரு மணி முந்திய நேரத்தையே ஆண்டு முழுவதும் கைக்கொள்வதென அந்நாட்டரசு 2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமையன்று முடிவு செய்தது. ரமலான் மட்டும் விதிவிலக்கு. 2025-இல் பிப்ரவரி 23, ஞாயிறு அதிகாலை 3 மணி, 2 மணி ஆக்கப்பட்டது. மார்ச் 2-இல் நோன்பு தொடங்கிற்று. அந்நாட்களில் காஸாபிளாங்காவில் கதிரவன் மறைவது பழைய கணக்கில் ஏறத்தாழ மாலை 7-30. மாற்றிய கணக்கில் 6-30. நோன்பின் நீளம் ஒரு நொடியும் குறையவில்லை. கடிகார முள்தான் நகர்ந்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னை வணிகர் ஒருவர், காஸாபிளாங்காவிலுள்ள கூட்டாளியுடன் செவ்வாய்தோறும் பேசுவதாகக் கொள்வோம். அங்கே பிற்பகல் 3 மணி. இங்கே இரவு 7-30. கைபேசியின் நாட்காட்டியில் ஒருமுறை குறித்துவிட்டால் வாரந்தோறும் தானே நினைவூட்டும். ரமலானிலோ நான்கரை மணி வேறுபாடு ஐந்தரை மணியாகிவிடும். நான்கரை என்ற எண்ணை நம்பிக் குறித்தவருக்கு வழக்கம்போல் 7-30-க்கே மணி ஒலிக்கும், அங்கே அப்போது 2 மணிதான், கூட்டாளி வந்திருக்கமாட்டார். "காஸாபிளாங்கா, 3 மணி" என்று ஊரின் பெயரோடு குறித்தவருக்கு 8-30-க்கு ஒலிக்கும். கணக்கு சரியே. ஆனால் அது நம் பள்ளிவாசல்களில் தராவீஹ் நேரமாயிற்றே! கருவி பிழை செய்யவில்லை; தொழுகையாளிக்குத்தான் சங்கடம். எந்த ஊரின் நேரம் அசையக்கூடாது என்பதைக் கருவி தானே அறியாது. சென்னை 7-30-ஐ நிலையாக வைத்து, அம்மாதம் மட்டும் 2 மணிக்கு வருமாறு கூட்டாளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதே முறை.

உலக ஊர்களின் நேர விதிகளைத் தொகுத்த பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. கைபேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் அதனையே சார்ந்துள்ளன. மொராக்கோவுக்காக 2087 வரையிலான ரமலான்களை அதில் கணித்து எழுதியிருக்கின்றனர். பிறை கண்ணால் காணப்பட்டு மாதம் தொடங்கும் நாட்டில் இது முன்கணிப்பே. அரசாணை வேறாயின் திருத்தியாக வேண்டும். 2018-இன் முடிவோ, முள் பின்னோக்க வேண்டியிருந்த அக்டோபர் 28-க்கு இரண்டே நாள் முன்னர் வந்தது. புதுப்பிக்கப்படாத கருவிகள் பழைய விதிப்படி ஒரு மணி பின்சென்றன.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. 2011-இல் சமோவா தீவு நாடு, தேதிக்கோட்டின் மறுபுறத்திற்கு மாறியபோது டிசம்பர் 29 வியாழனுக்கு அடுத்து 31 சனி பிறந்தது. ஜும்ஆவுக்குரிய வெள்ளிக்கிழமை அவ்வாரம் அங்கே நாட்காட்டியிலேயே இல்லை!

தொழுகை நினைவூட்டலை வணிகப் பேச்சைப் போல மணிக்கணக்கில் குறித்து வைப்பது கூடாது. ஊரையும் தேதியையும் கொடுத்து, கதிரவனின் நிலையிலிருந்து கணக்கிடச் செய்தல் வேண்டும். வணிகப் பேச்சுக்கு ஊரின் பெயர் போதும்.

மொராக்கோவில் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறான 2025 ஏப்ரல் 6-இல் முள் மீண்டும் முன்சென்றது. ரமலானுக்கென வேறுபாட்டு எண்ணைக் கையால் திருத்தி வைத்திருந்தோர், அன்று இரண்டாம் முறையும் திருத்த வேண்டியதாயிற்று.