பாதரசமும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை?

நீண்ட காலத்துக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் பெற்றோருக்குப் பல கவலைகள் இருக்கும். அவற்றுள் ஒன்று பாதரசம். "ஊசி மருந்தில் பாதரசம் இருக்கிறதாம், அதனால் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போகுமாம்" என்ற கதை பல இடங்களில் பரவியுள்ளது. அதே வேளை, உடைந்த வெப்பமானியிலிருந்து சிதறிய பாதரச மணிகளைப் பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாடுவதைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது இரண்டாவது விடயத்தைத்தான்.

பாதரசம் எல்லாம் ஒன்றல்ல

பாதரசம் முக்கியமாக மூன்று வடிவங்களில் எம்மை வந்தடைகிறது.

முதலாவது, வெள்ளி போல் மினுங்கும் திரவப் பாதரசம். இதை விழுங்கினால் உடலில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு மணமோ நிறமோ இல்லை. மூச்சுடன் உள்ளே போனால் இரத்தத்தில் கலந்து மூளையைச் சென்றடையும். ஆவி தரையை அண்டியே நிற்பதால் தவழும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

இரண்டாவது, மெதைல் பாதரசம். கடலிலும் ஆற்றிலும் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் இவ்வாறு மாற்றுகின்றன. அது சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்குச் சென்று, அங்கே சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணித் தாய் உண்ணும்போது நச்சுக்கொடி வழியே கருவிலுள்ள பிள்ளையின் மூளைக்கும் போகும். உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 நாட்கள் எடுக்கும்.

மூன்றாவது, எதைல் பாதரசம். தடுப்பூசி பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் தயோமெர்சல் என்னும் பொருளில் மிகச் சிறிதளவு இருப்பது இதுதான். இது இரத்தத்திலிருந்து வெகு விரைவில் நீங்கிவிடும்.

உலகம் பட்ட பாடுகள்

ஜப்பானின் மினமாட்டா என்ற கரையோர ஊரில் ஒரு தொழிற்சாலையின் கழிவு பல ஆண்டுகளாகக் கடலில் விடப்பட்டது. அங்கு மீன் உண்ட மக்களுக்குக் கை கால் நடுக்கமும் பார்வைக் குறைவும் ஏற்பட்டன. 1956இல் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. சில தாய்மார் பெரிய அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் மூளைப் பாதிப்புடன் பிறந்தார்கள்.

ஈராக்கில் 1971–72இல் நடந்தது மீளக்குடியேறும் விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டியது. விதைப்பதற்காக வழங்கப்பட்ட கோதுமையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மெதைல் பாதரசம் பூசப்பட்டிருந்தது. எச்சரிக்கை மக்களுக்குத் தெரியாத மொழிகளில் இருந்தது. அடையாளத்துக்குப் பூசிய சிவப்புச் சாயம் கழுவியதும் போய்விட்டது, நஞ்சு போகவில்லை. அதை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். 459 பேர் அங்கே இறந்தனர்.

இன்று விதைகளுக்கு வேறு மருந்துகள் பூசப்படலாம். ஆனாலும் விதி ஒன்றுதான்: விதைக்கென்று தரும் நெல், பயறு, உழுந்து எதையும் சமைக்க வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம். கையில் அரிசி முடிந்துவிட்டால் விதையைத் தொடாமல், கிராம அலுவலரிடமோ எமது வெளிக்கள அலுவலரிடமோ சொல்லுங்கள். விதை வந்த பையைக் கழுவி அரிசி போட்டு வைக்கவும் வேண்டாம்.

தடுப்பூசி பற்றிய பயம்

பல பிள்ளைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து போடும் சில தடுப்பூசிகளில் மட்டுமே தயோமெர்சல் சேர்க்கப்படுகிறது. குப்பியைத் திறந்த பின் கிருமி புகாமல் காப்பதே அதன் வேலை. பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, சின்னமுத்து–கூகைக்கட்டு–ருபெல்லா தடுப்பூசி ஆகியவற்றில் அது இல்லை.

ஐக்கிய அமெரிக்காவில் முன்னெச்சரிக்கையாக 1999இல் இதை விலக்க முடிவு செய்தார்கள். 2001 அளவில் சிறு பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து, சில காய்ச்சல் தடுப்பூசிகள் தவிர, அது எடுக்கப்பட்டது. டென்மார்க் 1992இலேயே நிறுத்திவிட்டது. ஓட்டிசம் தயோமெர்சலால் வருவதாயின், அதன் பின் அந்நாடுகளில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கண்டறியப்படும் எண்ணிக்கை தொடர்ந்து கூடியது. பல நாடுகளின் ஆய்வுகளைப் பார்த்த உலக சுகாதார நிறுவனமும் இந்த அளவு தயோமெர்சலால் பிள்ளைகளின் மூளைக்குத் தீங்கு வருவதற்குச் சான்று இல்லை என்றே கூறுகிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். சின்னமுத்து வரும் ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படும். அதில் சிலர் இறப்பார்கள், சிலர் செவிப்புலனை இழப்பார்கள், சிலர் அறிவு வளர்ச்சி குன்றிப் போவார்கள். மூளையைக் காக்கவென்று ஊசியைத் தவிர்ப்பது, மூளையைக் கெடுக்கும் நோய்க்குக் கதவைத் திறந்து விடுவதாகும். நெருக்கமான முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இந்நோய் வேகமாகப் பரவும்.

இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளையின் ஊசிகள் விடுபட்டிருந்தால் வெட்கப்படவோ பயப்படவோ தேவையில்லை. பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தொலைந்திருந்தாலும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சென்று கதையுங்கள். நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள், புதிய பதிவேடு திறப்பார்.

வீட்டிலும் சுற்றாடலிலும் பாதரசம் இருக்கும் இடங்கள்

• கண்ணாடி வெப்பமானி: அரைக் கிராம் முதல் ஒன்றரைக் கிராம் வரை.
• பழைய இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி: வெப்பமானியைப் போலப் பல மடங்கு.
• ரியூப் லைற், சி.எஃப்.எல். மின்குமிழ்: ஒரு குமிழில் சில மில்லிகிராம் மட்டுமே.
• தோலை வெள்ளையாக்கும் சில கிறீம்கள்: உற்பத்தியாளர் பெயரோ உள்ளடக்கமோ எழுதப்படாதவற்றை வாங்க வேண்டாம். தாய் பூசினால், அணைக்கும் பிள்ளைக்கும் ஒட்டும்.

இடிந்த வைத்தியசாலை, பாடசாலை விஞ்ஞான கூடம் ஆகியவற்றின் இடிபாடுகளுக்குள் முதலிரண்டும் கிடக்கலாம். பழைய இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகள் கையில் அகப்படும். கண்ணிவெடிக்குச் சொல்லும் விதியே இதற்கும்: தெரியாத பொருளைத் தொடாதே, வீட்டுக்குக் கொண்டு வராதே, பெரியவர்களிடம் சொல்.

வெப்பமானி உடைந்தால்

1. பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே அனுப்புங்கள். வெளிக்கதவையும் யன்னல்களையும் திறந்து விடுங்கள்.
2. மோதிரம், காப்பு, தாலிக்கொடி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பாதரசம் பொன்னில் ஒட்டி அதைக் கெடுத்துவிடும். கையில் றப்பர் கையுறை அல்லது சொப்பிங் பை அணியுங்கள்.
3. கண்ணாடித் துண்டுகளைக் கடதாசியில் சுற்றி எடுங்கள்.
4. இரண்டு காட்போட் மட்டைகளால் மணிகளை மெல்ல ஒன்றுசேர்த்து, மூடியுள்ள போத்தலில் விடுங்கள்.
5. ரோச் லைற்றைத் தரையோடு சாய்த்துப் பிடியுங்கள். மினுங்கும் சிறு மணிகளைச் செலோ ரேப்பால் ஒற்றி எடுங்கள்.
6. மண் தரை அல்லது சாணம் மெழுகிய தரை என்றால், அந்த இடத்து மேல்மண்ணைச் சிரட்டையால் வழித்து எடுங்கள். பாதரசம் பட்ட பாயையும் துணியையும் மீண்டும் பாவிக்க வேண்டாம்.
7. எல்லாவற்றையும் இறுக மூடி, "நஞ்சு" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். மணிகள் சிதறி ஆவி கூடும். குப்பையோடு எரிக்க வேண்டாம். கிணற்றடியிலோ மலசல கூடத்திலோ கொட்ட வேண்டாம். மின்குமிழ் உடைந்தால் யன்னலைத் திறந்து, 15 நிமிடம் வெளியே நின்று, பிறகு மட்டையாலும் ஈரக் கடதாசியாலும் எடுத்தால் போதும்.

மீன் உண்பதை நிறுத்த வேண்டாம்

மீன் பிள்ளையின் மூளைக்கு நல்ல உணவு. நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. அவற்றைத் தாராளமாக உண்ணலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெரிய சுறா, தளப்பத்து போன்ற பெரிய மீன்களைத் தவிர்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுப்பது எமது வழக்கம். கொடுக்க விரும்பினால் சிறிய பால்சுறாவில், எப்போதாவது ஒரு முறை கொடுங்கள், நாள்தோறும் வேண்டாம். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

பாதரசம் சிதறிய வீட்டில் இருந்த பிள்ளைக்கு இருமல், மூச்சுத் திணறல், கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமில்லாத எரிச்சல், உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிதல் ஆகியவை காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். என்ன உடைந்தது, எப்போது உடைந்தது என்பதைச் சொல்லுங்கள்.

பிள்ளை உரிய வயதில் இருக்கவில்லை, நடக்கவில்லை, கதைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். செவிப்புலன் குறைவு, போசாக்கின்மை, பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல், ஓட்டிசம் எனக் காரணம் பலவாக இருக்கலாம். ஊசி போட்ட தாயையோ, ஓடித் திரிந்த காலத்தில் ஊசி போட முடியாமல் போன தாயையோ குறை சொல்வதால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. நேரத்தோடு கிளினிக்குக்குக் கொண்டு போவதே பயன் தரும். வளரும் மூளைக்குச் சிறு வயதில் கிடைக்கும் பயிற்சியே கூடுதலாக உதவும்.